நடுவர் கூலி: நம் கொம்யூன்களின் கிரிக்கெட் பந்தயங்களைப் பற்றி ஒரு சிற்றாராய்ச்சி

பொருளியல் மாணவனாகிய நான் விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று ஆசிரியப் பெருமக்கள் வியக்கக்கூடும். நிலத்திற்கு வாரம், உழைப்புக்குக் கூலி, முதலுக்கு வட்டி, துணிவுக்கு இலாபம் என்று முதலாண்டிலேயே படித்துவிட்டோம். ஆனால் ஒருவன் நாள் முழுவதும் வெயிலில் நின்று, மட்டையைத் தொடாமல், பந்தை வீசாமல், 'அவுட்' என்றும் 'இல்லை' என்றும் மட்டும் சொல்லிவிட்டு மாலையில் வீடு திரும்புகிறானே, அவனுக்குக் கொடுக்கப்படும் பணம் எதற்குரிய விலை? இந்தக் கேள்விக்கு என் பாடநூலில் விடை கிடைக்கவில்லை. வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் இரண்டு பருவங்கள் கிரிக்கெட் நடுவராக நின்று ஓரளவு பணமும் அதைவிடச் சற்று அதிகமாக வசவும் ஈட்டியவன் என்ற முறையில், எனக்குத் தோன்றியவற்றை நம் கல்லூரி மலரில் எழுதத் துணிந்தேன்.

நகரத்து நண்பர்களுக்காக முதலில் ஆட்டக் களத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் மைதானம் என்று ஒன்று பெரும்பாலும் தனியாக இருப்பதில்லை. அறுவடை முடிந்த நெல் வயலில் தாளை மிதித்துச் சமப்படுத்தி, நடுவில் இருபத்திரண்டு கஜம் அளந்து, தண்ணீர் தெளித்து உருளையை ஓட்டினால் அதுவே மைதானம். ஒரு பக்கம் வரப்பு எல்லைக்கோடு; இன்னொரு பக்கம் வாய்க்கால். வாய்க்காலில் விழுந்த பந்து நான்கா, ஆறா என்பது ஊருக்கு ஊர் மாறும். பொங்கலை ஒட்டியும் கோடை விடுமுறையிலும் பந்தய நோட்டீஸ்கள் தேநீர்க் கடைச் சுவர்களில் தோன்றும். இறந்துபோன ஒரு நண்பரின் நினைவுக் கோப்பை, முதற்பரிசு இவ்வளவு, நுழைவுக் கட்டணம் இவ்வளவு, டென்னிஸ் பந்து, எட்டு ஓவர், 'கமிட்டியின் முடிவே இறுதியானது'. இந்தக் கடைசி வரி அச்சாகாத நோட்டீசை நான் கண்டதில்லை. நம் பிரதேசத்தின் எல்லை தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிப் பிணைந்து கிடப்பதால், கடலூர், விழுப்புரம் பக்கத்துக் குழுக்களும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து சேரும். காலையில் மைக் செட் பாட ஆரம்பித்தால் கடைசி ஆட்டம் முடிய இருட்டிவிடும்.

இத்தனை ஏற்பாடுகளிலும் ஒருவரை மட்டும் யாரும் ஏற்பாடு செய்வதில்லை. அவர்தாம் நடுவர்.

சாதாரண ஆட்டங்களில் மட்டை பிடிக்கும் குழுவைச் சேர்ந்தவர்களே இருபுறமும் நடுவராக நிற்பது எங்கள் வழக்கம். முறை வரும் வரை சும்மா இருப்பவர் வேறு என்ன செய்வார்? ஆனால் அவர் தம் அண்ணனையோ, அடுத்த வீட்டுக்காரரையோ 'அவுட்' என்று சொல்ல வேண்டும். சொல்லலாம், ஆனால் அன்று மாலை அதே தெருவுக்குத்தானே திரும்பிப் போக வேண்டும்? இதன் விளைவாக ஒரு விந்தை நிகழ்ந்திருக்கிறது. எங்கள் பக்கத்து டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. என்ற விதியே கிடையாது. காலில் பட்டால் பட்டதுதான்; ஆட்டம் தொடரும். ஏன் இல்லை என்று பெரியவர்களைக் கேட்டால், "அதெல்லாம் வெச்சா சண்டைதான் தம்பி" என்பார்கள். கிரிக்கெட்டுக்கு எழுதப்பட்ட விதிகளுள் மிகப் பழையவை 1744ஆம் ஆண்டினவை. அவற்றில் நடுவர் உண்டு, எல்.பி.டபிள்யூ. இல்லை. அது 1774ஆம் ஆண்டு விதிகளில்தான் இடம்பெற்றது. ஆக, நம் வயல்களில் ஆடப்படும் ஆட்டம் இந்த ஒரு விஷயத்தில் இருநூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கிறது எனலாம். விதி தெரியாத காரணத்தாலன்று. அதைச் சொல்ல நம்பத்தக்க ஆள் இல்லாத காரணத்தால். நம்பத்தக்க நடுவர் இல்லாத இடத்தில் விதிப்புத்தகமே சுருங்கிப் போகிறது என்பது நான் களத்தில் கற்ற முதற்பாடம்.

'அம்பயர்' என்ற ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை; புதுவைக்காரர்களுக்கு அதில் சற்று உரிமை உண்டு. அது பழைய பிரெஞ்சு மொழியில் 'நோன்பேர்' என்றிருந்த சொல். இணை சேராதவர், இரட்டைப்படையில் அடங்காத ஒற்றையாள் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் புகுந்தபின், முன்னால் வரும் 'அ' என்னும் சுட்டுச் சொல்லோடு முதலிலிருந்த நகர ஒலி ஒட்டிக்கொண்டு பிரிந்துபோக, மிஞ்சியதே இன்றைய 'அம்பயர்'. நாம் அவரை 'நடுவர்', நடுவில் நிற்பவர் என்கிறோம். பிரெஞ்சுக்காரர் அவரை 'எதிலும் சேராதவர்' என்றார்கள். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. ஊருக்கு நடுவில் நிற்பவர் ஊரைச் சேர்ந்தவராகவே இருக்கலாம். சேராதவர் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும்.

உலகக் கிரிக்கெட்டும் இதைக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. டெஸ்ட் ஆட்டம் எந்த நாட்டில் நடக்கிறதோ அந்த நாட்டவரே நடுவர்களாக நின்றார்கள். தோற்றுப் போன விருந்தினர் அனைவரும் நடுவரைக் குறை கூறிக்கொண்டே கப்பலேறினர், பின்னாளில் விமானமேறினர். 1986ஆம் ஆண்டு நவம்பரில் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் மோதிய டெஸ்டுக்கு நம் நாட்டைச் சேர்ந்த வி. கே. ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் ஆகிய இருவர் நடுவர்களாக அழைக்கப்பட்டனர். இக்கால டெஸ்ட் ஆட்டத்தில் இரு தரப்பையும் சேராத நடுவர்கள் நின்றது அதுவே முதன்முறை. அழைத்தவர் பாகிஸ்தான் தலைவர் இம்ரான் கான். இந்தியாவும் பாகிஸ்தானும் இருந்த நிலையில், பாகிஸ்தான் ஆட்டத்திற்கு இந்தியரை நடுவராகக் கூப்பிடுவது என்பது, தீராத வரப்புத் தகராறுள்ள பக்கத்து ஊரிலிருந்து பஞ்சாயத்துக்கு ஆள் கூப்பிடுவது போலத்தான். 1994 முதல் ஒவ்வொரு டெஸ்டிலும் ஒரு நடுவரும், 2002 முதல் இருவருமே வெளிநாட்டவர் என்று வழக்கமாயிற்று. 2020இல் கொரோனாத் தொற்றினால் பயணம் இயலாமற் போனபோதுதான் இது தளர்த்தப்பட்டது.

வெளியூர் ஆள் வேண்டும் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி உடனே எழுகிறது. அவர் எதற்காக வருவார்? பேருந்துக் கட்டணம் யார் கொடுப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமையை அவர் ஏன் இழக்க வேண்டும்? கூலி என்பது இங்கேதான் வருகிறது.

நான் நடுவரானது தற்செயல். தோள்பட்டையில் அடிபட்டுப் பந்து வீச முடியாமற்போன பருவத்தில், பக்கத்து ஊர்ப் பந்தயத்தில் ஒருவர், "காலேஜ் படிக்கிற பையன், நீ நில்லு தம்பி" என்று கையைப் பிடித்து ஸ்டம்புக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். நான்கு ஆட்டங்கள் நின்றேன். மாலையில் மைக்கில் என் பெயரைச் சொல்லி அழைத்துச் சால்வை போர்த்தினார்கள். பிரியாணிப் பொட்டலம் ஒன்றும் கொடுத்தார்கள். நான் பெருமிதத்தோடு வீட்டுக்கு வந்தேன். அடுத்த வாரம் இன்னொரு ஊர், இன்னொரு சால்வை. அந்தப் பருவ முடிவில் எங்கள் வீட்டில் ஐந்து சால்வைகள் சேர்ந்தன. ஒன்று மிக்சிக்கு உறையாயிற்று. மற்றவற்றை என்ன செய்வதென்று அம்மாவுக்கு இன்னமும் தெரியவில்லை.

ஆறாவது ஊரில் சால்வை கிடைக்கவில்லை. அங்கே பந்தயம் நடத்திய உள்ளூர்க் குழுவே இறுதியாட்டத்தில் ஆடியது. கடைசி ஓவருக்கு முந்தைய ஓவரில் அவர்களுடைய சிறந்த மட்டைக்காரரை ரன் அவுட் என்று கையை உயர்த்தினேன். ஒரு முழத் தூரம் இருந்தது. அதில் எனக்கு இன்றளவும் ஐயமில்லை. ஆட்டம் அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. பரிசளிப்பில் என் பெயர் கூப்பிடப்படவில்லை. அதைப் பற்றி நான் வாய் திறக்கவுமில்லை. பைக்கை எடுக்கப் போன இடத்தில் கமிட்டிக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "மதியம் எங்க வீட்லதான சாப்ட்ட? உண்ட வீட்டுக்கே இரண்டகம் பண்ணிட்டியே" என்றார். அவர் கெட்டவரல்லர், மதியம் என் இலையில் இரண்டாம் முறை குழம்பு ஊற்றியவர் அவரேதான். அவர் சொன்னது அவருடைய நியாயத்தில் சரி. நான் விருந்தாளியாக வந்தேன். விருந்தாளியின் தர்மத்தை மீறினேன்.

அன்று பைக்கில் வரும்போதுதான் எனக்கு விஷயம் விளங்கிற்று. சால்வையும் சாப்பாடும் இலவசம் அல்ல, அவை கடன். எவ்வளவு என்று சொல்லப்படாத கடன் ஆதலால், எப்போது தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. கூலி அப்படிப்பட்டதன்று. முன்கூட்டியே தொகை பேசி, வேலை முடிந்ததும் வாங்கிக்கொண்டால் இரு தரப்பும் எழுந்து போகலாம். யாரும் யாருக்கும் ஒன்றும் பாக்கியில்லை. விருந்தோம்பல் மனிதர்களைச் சேர்க்கிறது, கூலி அவர்களைப் பிரிக்கிறது என்று சமூகவியல் நண்பர்கள் குறை சொல்வார்கள். நடுவர் விஷயத்தில் நமக்கு வேண்டியது அந்தப் பிரிவுதான்.

இவ்வளவு தெளிவாக எழுதுகிறவன் களத்தில் எப்படி நடந்துகொண்டான் என்று கேட்பீர்களானால், அதையும் சொல்லிவிடுவது முறை. அடுத்த பருவத்திலிருந்து நாளுக்கு 500 ரூபாய் என்று நான் கேட்கத் தொடங்கினேன். பல ஊர்களில் ஒப்புக்கொண்டார்கள். ஓர் அரையிறுதி நாளன்று காலையில், ஆடவிருந்த குழு ஒன்றின் தலைவர் என்னைத் தனியே அழைத்து ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். "கமிட்டி சாயங்காலம் இழுத்தடிப்பானுங்க தம்பி. இத இப்பவே வெச்சுக்க. நான் அவங்ககிட்ட வாங்கிக்கிறேன்" என்றார். நல்ல மனிதர், எனக்கு உதவி செய்வதாகவே நினைத்தார். நானும் அப்படியே நினைத்து வாங்கிக்கொண்டேன். என் கூலி எவ்வளவோ அவ்வளவுதான். ஒரு ரூபாய் கூட இல்லை.

அன்றைய ஆட்டத்தில் கடைசிப் பந்தில் அவர் குழுவுக்கு இரண்டு ரன் தேவை. அடித்துவிட்டு ஓடினார்கள். இரண்டாவது ஓட்டத்தில் பந்து விக்கெட் காப்பாளர் கைக்கு வந்தது, ஸ்டம்பு விழுந்தது. ஸ்கொயர் லெக்கில் நின்றவன் நான். மட்டை கோட்டின்மேல் இருந்தால் அவுட். கோட்டைத் தாண்டி உள்ளே தரையில் ஊன்றியிருந்தால் இல்லை. சுண்ணாம்புக் கோடு காலையிலிருந்து மிதிபட்டு மங்கியிருந்தது. "நாட் அவுட்" என்றேன். ஒரே ஆரவாரம். எதிர்க்குழுத் தலைவர் கத்தவில்லை. மெதுவாக என் அருகே வந்து, "சார், நல்லா பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றேன். மட்டையைப் பார்த்தேன், ஸ்டம்பு சாய்ந்ததையும் பார்த்தேன். கோட்டைப் பார்த்தேனா என்பது எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அந்த நோட்டு என் பையில் இல்லாதிருந்தால் வேறுவிதமாகச் சொல்லியிருப்பேனோ என்பதும் தெரியவில்லை. வாங்காதிருந்தால் குறைந்தபட்சம் இந்தக் கேள்வியாவது எழாது. அந்த ஐந்நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு செலவாகிவிட்டது. எதற்கென்று நினைவில்லை.

ஆகவே கூலி வேண்டும் என்பதோடு என் ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை. எவ்வளவு என்பதைவிட யார் கையிலிருந்து, எந்த நேரத்தில் என்பது பெரிய கேள்வி.

நம் பாகூருக்கே இதில் ஒரு பழம்பெருமை உண்டு. 9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மனின் ஆட்சிக் காலத்தில் பொறிக்கப்பட்ட பாகூர்ச் செப்பேடுகள், அங்கிருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்வி நிலையத்திற்கு மூன்று ஊர்கள் தானமாக விடப்பட்ட செய்தியைக் கூறுகின்றன. வரலாற்றுத் துறை நண்பர்கள் இதைக் கல்வி வளர்ச்சிக்குச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. கற்றவர்களுக்கு ஆண்டுதோறும் வீடு வீடாகப் போய்ச் சம்பாவனை வாங்கும் நிலை இல்லாமல், நிலவருவாய் என்ற நிலையான ஒன்றை ஒதுக்கிவிட்டார்கள். எவரிடமிருந்து என்று சுட்ட முடியாத வருவாயை உண்பவர் எவருக்கும் தலைசாய்க்க வேண்டியதில்லை. அதே போல, முதற்பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவருடைய உறவினரையும் வாரியத் தேர்தலிலிருந்து விலக்கி வைத்தது. மட்டை பிடிக்கும் குழுவின் தம்பியை நடுவராக நிறுத்தும் நாம், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த ஊர்ச்சபையிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இனி நம் பந்தயத்திற்குக் கணக்குப் போடுவோம். 16 குழுக்கள் வந்து, தோற்றவர் வெளியேறும் முறையில் ஆடினால் மொத்தம் 15 ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு குழு வெளியேறுகிறது, ஒன்றே மிஞ்ச வேண்டும் என்பதை நினைத்தால் கணக்கு எளிது. ஆட்டத்திற்கு இரு நடுவர், தலைக்கு 150 ரூபாய் எனில் மொத்தச் செலவு 4,500 ரூபாய். ஒவ்வொரு குழுவிடமும் நுழைவுக் கட்டணத்தோடு 300 ரூபாயை 'நடுவர் கட்டணம்' என்று தனியே வாங்கினால் 4,800 ரூபாய் சேர்கிறது. மிச்சம் முந்நூறில் நடுவர்கள் தங்கள் தேநீரைத் தாங்களே வாங்கிக் குடிக்கலாம். பதினொரு பேர் கொண்ட குழுவில் ஆளுக்கு முப்பது ரூபாய்கூட ஆகவில்லை. முதல் ஆட்டத்தில் தோற்கும் குழுவும் இறுதிவரை வரும் குழுவும் ஒரே தொகையைக் கொடுத்திருக்கின்றன. ஆதலால் நடுவருக்கு யாரும் தனியே கொடுத்தவர் ஆவதில்லை. இந்தப் பணத்தை நாணயம் சுண்டுவதற்கு முன், இரு தலைவர்களும் பார்க்கக் கொடுத்துவிட வேண்டும். தீர்ப்பு சொன்ன பிறகு கொடுக்கப்படும் பணம் கூலியாக இருந்தாலும் பரிசு போலத் தோன்றும். கொடுக்காவிட்டால் தண்டனை போலத் தோன்றும்.

இந்த யோசனையை நான் சொன்னபோது எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் எதிர்த்தார். "சால்வை போட்டா நீ பெரிய மனுஷன். காசு குடுத்தா நீ வேலைக்காரன். வேலைக்காரன் பேச்ச யார்ரா கேப்பான்?" என்றார். இது எளிதில் தள்ளக்கூடிய வாதமன்று. கூலி வாங்குபவனை ஏவலாளாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் ஊறியிருக்கிறது. கட்டணம் கொடுத்துவிட்டோம் என்ற எண்ணத்திலேயே சிலர் நடுவரைக் கூடுதலாகத் திட்டுவதையும் நான் அனுபவித்திருக்கிறேன். வழக்குரைஞரும் மருத்துவரும் கட்டணம் வாங்குகிறார்களே, அவர்களை யாரும் வேலைக்காரர் என்பதில்லையே என்று பதில் சொன்னேன். "அவங்க படிச்சவங்க" என்று முடித்துவிட்டார்.

அந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. விதிகளைப் படிக்காமல் கூலி கேட்பவனுக்கு மரியாதை கிடைக்காது. நானே முதற்பருவத்தில் விதிப்புத்தகத்தைத் திறந்தவனில்லை. எதிர்த்தரப்பு முறையிட்டால் ஒழிய நடுவர் தாமாக 'அவுட்' கொடுக்கக்கூடாது என்பதையே இரண்டாம் பருவத்தில்தான் அறிந்தேன். கிரிக்கெட்டுக்கு 42 விதிகள். இந்தியக் கிரிக்கெட் வாரியம் பெண்கள் ஆட்டங்களுக்கும் இளையோர் ஆட்டங்களுக்கும் நடுவர்களைத் தேர்ந்தெடுக்க 2022இல் அகமதாபாத்தில் நடத்திய தேர்வில் 140 பேர் எழுதி மூன்றே பேர் தேறினர். மொத்தம் 200 மதிப்பெண். அதில் எழுத்துத் தேர்வுக்கு 100. கேட்கப்பட்ட கேள்விகளுள் ஒன்று: பந்து வீசும் கைவிரலில் உண்மையாகவே காயம்; கட்டை அவிழ்த்தால் இரத்தம் வரும்; அவிழ்க்கச் சொல்வீர்களா? இரக்கமுள்ளவர்கள் வேண்டாம் என்பார்கள். பந்து வீச விரும்பினால் அவிழ்க்கத்தான் வேண்டும் என்பதே விடை. இன்னொன்று: ஆடுகளத்தில் நிழல் விழுகிறது என்று மட்டைக்காரர் முறையிட்டால் என்ன செய்வீர்கள்? கட்டடத்தின் நிழலையும் மரத்தின் நிழலையும் பொருட்படுத்த வேண்டியதில்லை. களத்தில் நிற்கும் ஆட்டக்காரரின் நிழலானால் அவரை அசையாமல் நிற்கச் சொல்ல வேண்டும். எங்கள் வயலோரத் தென்னைகளின் நிழலில் நின்று இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

கற்பவருக்கு ஏணி நீளமானது. அதே 2022இல் வாரியம் நடுவர்களைப் பல தரங்களாகப் பிரித்தது. உயர்ந்த தரத்தினருக்கு முதல்தர ஆட்டத்தில் நாளொன்றுக்கு 40,000 ரூபாயும், அடுத்த நிலைகளுக்கு 30,000 ரூபாயும் என நிர்ணயித்ததாகச் செய்தி வந்தது. நம் புதுச்சேரி 2018-19 பருவத்தில் முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையில் ஆடியது. துத்திப்பட்டு மைதானத்தில் இன்று பெரிய ஆட்டங்கள் நடக்கின்றன. நம் பேருந்து போகும் தூரத்திலேயே, நாளுக்கு நாற்பதாயிரம் வாங்கும் நடுவரும் நாளுக்கு ஐந்நூறு வாங்கும் நடுவரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வெயிலில் நிற்கிறார்கள். சென்னையைச் சேர்ந்த எஸ். வெங்கட்ராகவன் இந்தியாவுக்காக 57 டெஸ்டுகள் ஆடினார்; நடுவராகவோ 73 டெஸ்டுகளில் நின்றார். மாணவியர் இது ஆடவர் தொழில் என்று எண்ண வேண்டியதில்லை. மென்பொருள் வேலையை விட்டுவிட்டு நடுவரான சென்னையின் என். ஜனனி, மும்பையின் விருந்தா ராதி, டெல்லியின் காயத்ரி வேணுகோபாலன் ஆகிய மூவரும் 2023 ஜனவரியில் ரஞ்சிக் கோப்பை ஆடவர் ஆட்டங்களில் நின்ற முதற்பெண் நடுவர்கள் ஆயினர்.

வசவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். நம் ஊரில் மட்டுந்தான் இப்படி என்று நான் எண்ணியிருந்தேன். அமெரிக்காவில் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவான பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் சிறுவர் சிறுமியர் ஆடும் ஆட்டங்கள். 1939இல் தொடங்கிய லிட்டில் லீக் என்ற சிறுவர் அமைப்பு அங்கே ஊர்தோறும் கிளை விட்டிருக்கிறது. அங்கும் பள்ளி மாணவர்கள், தம்மைவிடச் சிறியவர்களின் ஆட்டங்களுக்கு நடுவராக நின்று கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறார்கள். அவர்களைத் திட்டுபவர்கள் ஆடும் குழந்தைகள் அல்லர். வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர்கள். 2018-19க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் அந்நாட்டுப் பள்ளி விளையாட்டுகளின் நடுவர்களுள் ஏறத்தாழ 50,000 பேர் விலகிவிட்டதாக அங்குள்ள பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு அறிவித்தது. நியூ ஜெர்சி மாநிலத்தின் டெப்ட்ஃபோர்டு என்ற ஊரில் நடுவர்கள் சிலர் மனமுடைந்து விலகவே, 2023இல் ஒரு புது விதி செய்தார்கள். நடுவரைத் திட்டும் பார்வையாளர் மீண்டும் மைதானத்துக்குள் வர வேண்டுமானால், முதலில் மூன்று ஆட்டங்களுக்குத் தாமே நடுவராக நிற்க வேண்டும். இந்த விதியை எங்கள் கமிட்டிகளுக்குச் சொன்னேன். எல்லோரும் மிகவும் இரசித்தார்கள். யாரும் நோட்டீசில் போடவில்லை.

என் வரவு செலவையும் காட்டிவிடுகிறேன்; கணக்குக் காட்டாதவனை உத்திரமேரூரார் விடமாட்டார்கள். இரண்டாம் பருவத்தில் 14 நாட்கள் நின்றேன். வந்திருக்க வேண்டியது 7,000 ரூபாய். இரண்டு ஊர்களில் வரவில்லை. கையில் வந்தது 6,000. பெட்ரோல், தேநீர், ஒரு வெள்ளைத் தொப்பி போக மீதியில் மூக்குக் கண்ணாடி வாங்கினேன். "அம்பயருக்குக் கண்ணு தெரியல" என்று ஓராண்டாகக் கத்திக்கொண்டிருந்தவர்கள் சொன்னது மருத்துவப்படி உண்மையாகவே இருந்தது. இடக்கண்ணில் குறை. அந்த அரையிறுதியின் மங்கிய கோட்டைப் பற்றி எனக்கிருக்கும் ஐயங்களில் இதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

இப்போது எங்கள் வகுப்பில் மூன்று பேர் நடுவராகப் போகிறோம். எங்களுக்குள் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறோம். சொந்த ஊர்க் குழு ஆடும் ஆட்டத்தில் நிற்பதில்லை. தொகையை நோட்டீஸ் அச்சாவதற்கு முன்பே பேசிவிடுகிறோம். கமிட்டியிடமிருந்து மட்டும், நாணயம் சுண்டும் முன், இரு தலைவர்கள் எதிரில் வாங்குகிறோம். மதியச் சாப்பாடு கையிலேயே கொண்டு போகிறோம். இந்தக் கடைசி விஷயத்தில்தான் ஊர்க்காரர்களுக்கு வருத்தம் அதிகம், ஓர் ஊரில் அம்மாள் ஒருவர் வீட்டுக்குள்ளிருந்து வந்து, "எங்க வீட்டு சோறு உனக்கு ஆவாதா?" என்று கோபித்துக்கொண்டார். பதில் சொல்லத் தெரியாமல் மோர் மட்டும் வாங்கிக் குடித்தேன். மோர் எந்தக் கணக்கில் வரும் என்பதை எங்கள் மூவர் குழு இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆட்டத்திற்கு இருவர் தேவை ஆதலால் மூவர் என்பது சங்கடமான எண்ணிக்கை. வரும் தை மாதத்திற்குள் நான்காமவர் ஒருவர் சேர்ந்தால் ஒரே நாளில் இரண்டு ஊர்களுக்குப் போகலாம். வருபவர் விதிப்புத்தகத்தை ஒருமுறையேனும் படித்திருக்க வேண்டும். ஆட்டம் தொடங்க முக்கால் மணி நேரம் முன்னதாகக் களத்தில் இருக்க வேண்டும். அதுவும் விதியிலேயே உள்ளது. வாய்க்காலில் விழுந்தால் எத்தனை ரன் என்பதை இரு தலைவர்களிடமும் முன்பே கேட்டுவைக்க வேண்டும். பந்து எண்ண ஆறு கூழாங்கற்கள் போதும். அவற்றை நானே தருகிறேன். கண் பரிசோதனையை மட்டும் அவரவர் செய்துகொண்டு வரவும்.